மண்ணைத் தின்ற இன்ஜின்

ஹெட்டைத் தூக்கி ஓரமாக வைத்ததும் தேர்ந்த மெக்கானிக் அடுத்த ஸ்பேனரைத் தேடுவதில்லை. கையை சிலிண்டருக்குள் விட்டு, கட்டைவிரல் நகத்தை லைனர் என்னும் உள்குழாயின் சுவரில் பதித்து, கீழிருந்து மேலாக இழுக்கிறார். நல்ல லைனராக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு விளிம்பு வரை வந்துவிடும். தேய்ந்த லைனரில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே ‘டக்’கென்று தட்டி நிற்கும். அங்கே ஒரு படி விழுந்திருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்துக்குத் தெரிந்துவிடும்.

பிஸ்டனின் மேல் ரிங் ஏறி வந்து திரும்புகிற இடம் அது. அதற்கு மேலே ரிங் போனதே இல்லை என்பதால், தொழிற்சாலையில் கடைந்த அளவு அங்கே அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இருந்த இரும்பைத்தான் காணோம். “பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ஆயில் குடிக்குது, மேட்டுல புல்லிங்கே இல்ல” என்று லாரிக்காரர் சொல்லும் அத்தனை புகாருக்கும் மூலம் அந்தக் காணாமல் போன இரும்பு.

அது எங்கே போயிற்று? “லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின வண்டி, தேயத்தானே செய்யும்” என்பது எல்லாரும் சொல்லும் பதில். பாதிதான் சரி. ஆயில் ஒழுங்காக இருக்கிறவரை, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில் பெரும்பகுதிக்கு ரிங் லைனரைத் தொடுவதே இல்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு போகிறது. மேலே போய் நின்று திரும்பும் இடத்தில்தான் படலம் மெலிகிறது, சூடு அதிகம், காற்றோடு வரும் தூசி முதலில் உட்காருவதும் அங்கேதான். இரும்பை அறுத்தது ஓட்டம் மட்டுமில்லை. மண்ணும்தான்.

மண்ணால் பிழைக்கிற ஊர்

இந்தக் கதையைச் சொல்ல விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்விட்டது. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று வீடு தோறும் ஏதோ ஒரு மூலையில் இந்த ஊர்ச் சரக்கு கிடக்கும். செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசு பாலிடெக்னிக் இங்கே இருக்கிறது.

மண் வர லாரி வேண்டும். பொருள் போகவும் லாரி வேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும், பெண்ணாடம் பக்கம் கரும்பு, நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் என்று சுற்றுவட்டாரத்து லோடு எதை எடுத்தாலும் தூசிக்குக் குறைவில்லை. ஊரைச் சுற்றிப் பிரிகிற கடலூர், சேலம், உளுந்தூர்பேட்டைச் சாலைகளில் லாரிப் பட்டறைகள் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

களிமண் மெத்தென்றது. தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் கயோலின் 2-ஐத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும், நகத்தாலேயே கீறிவிடலாம். ஆனால் பூமியிலிருந்து வெட்டும்போது களி மட்டும் தனியாக வருவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு குவார்ட்ஸ், அதாவது மணல் வருகிறது. அதன் கடினம் 7. லைனர் வார்ப்பிரும்பு 4, 5 அளவில் நிற்பது. யார் யாரை அறுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பீங்கான் பட்டறைக்காரர் இந்தத் துணைவனை உள்ளே விடமாட்டார். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, சலித்து, களியை மட்டும் பிரித்தெடுப்பார். லாரிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு இருப்பது ஓர் ஏர் ஃபில்டர். அது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பட்டறைகள் பல்லாண்டாகப் பிரித்துப் பழகிய டாட்டா 697 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 5.7 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் ஏட்டுக் கணக்கில் 5,600 லிட்டருக்கு மேல். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்று கழித்துப் பார்த்தாலும் நிமிடத்துக்கு 4,500 லிட்டருக்குக் குறையாது. பத்து மணி நேரம் ஓடினால் 27 லட்சம் லிட்டர் காற்று. அதுவும் முன்னால் போகும் மண் லாரியின் புழுதிக்குள்ளிருந்து.

பழைய வண்டிகளில் ‘ஆயில் பாத்’ ஃபில்டர் இருந்தது. காற்று ஆயில் குளத்தின் மேல் திரும்பிப் போகும்போது தூசி ஆயிலில் சிக்கிக்கொள்ளும். இப்போது காகித எலிமென்ட். இது இன்னும் நுணுக்கமாக வடிகட்டும், ஆனால் இதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்கிற காரியம் இருக்கிறதே! எலிமென்ட்டைக் கழற்றி டயரில் நாலு தட்டு தட்டுவார்கள், கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் பீய்ச்சுவார்கள், திரும்ப மாட்டிவிடுவார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் ஒரு கிழிசல் போதும். ஃபில்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ அதுவும் போதும். இதே தூசி பீங்கான் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போனால் சிலிகோசிஸ். இன்ஜினுக்குப் போனால் நகம் தட்டுகிற படி.

முதன்முறையாக ஓர் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கிறவன் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். புது லைனர், புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் வாங்கிப் போடுவான். தூசி எந்த வழியாக உள்ளே வந்தது என்று தேடமாட்டான். பழைய ஹோஸைத் துடைத்து அப்படியே மாட்டிவிடுவான். புது இன்ஜின் பழைய நோயோடு பட்டறையை விட்டுக் கிளம்பும். பாகம் மாற்றுவது சுலபம், காசு இருந்தால் யாரும் செய்யலாம். எது தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மெக்கானிக் வேண்டும்.

ஓடு சுமந்த முதல் லேலண்ட்

நம் ஊர் லாரிக்கும் களிமண்ணுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கை கோத்தது. எண்ணூரில் அவர்கள் பூட்டிய முதல் லேலண்ட் வண்டிகள் 4 காமெட் டிப்பர்கள். 1951 ஜூனில் அவை விற்கப்பட்டது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு. 1955-இல்தான் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. ஆக, தமிழ்நாட்டில் பூட்டிய முதல் லேலண்ட் லாரிகள் போய்ச் சேர்ந்ததே களிமண் சுட்டுப் பிழைக்கிற ஓரிடத்துக்கு. அதற்கு இடையில், 1954-இல் டாட்டா ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியிருந்தது. அந்த ஒப்பந்தம் முடிந்து வெகுகாலம் ஆன பிறகும் நம் கிராமங்களில் அதற்குப் பெயர் பென்ஸ் லாரிதான்.

வண்டி வந்துவிட்டது, ரிப்பேர் பார்க்க யார் இருந்தார்கள்? புத்தகம் ஆங்கிலத்தில், அதுவும் கம்பெனி டீலரிடம். சாலையோரத்தில் வேலை கற்றவர்கள் பிரித்துப் பார்த்துத்தான் கற்றார்கள். இந்த முறைக்குத் தமிழ்நாட்டில் மூதாதை ஒருவர் உண்டு. கோவை கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஓட்டித் திரிந்திருக்கலாம். அவர் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

விருத்தாசலத்துக்கு இதில் இன்னொரு பெருமை இருக்கிறது. இந்தப் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’யும் ‘கோரை’யும் எழுதினார். தினக்கூலியாகப் பணிமனைக்குள் நுழையும் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் பாடுகளை ‘நெடுஞ்சாலை’ நாவலில் எழுதினார். இந்தப் பகுதியின் நடுநாட்டு வழக்குக்கு ஒரு சொல்லகராதியும் தொகுத்தார். கிரீஸ் படிந்த கையால் எழுதிய இலக்கியம் தமிழில் அதிகமில்லை. பஸ், லாரி பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து எழுதியவர் அநேகமாக இவர் ஒருவர்.

பிரிப்பது அரை நாள், அளப்பது மூன்று நாள்

பட்டறைக்கு வரும் பையன் முதலில் டீ வாங்குவான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், டீசலில் சாமான் கழுவுவான். அப்புறம் கிளட்ச் பிளேட், பிறகு கியர் பாக்ஸ். இன்ஜினைத் தனியாக அவன் கையில் விடுவதற்கு வருஷங்கள் ஆகும். அந்த முதல் இன்ஜினில் அவன் எங்கே எங்கே தடுமாறுவான் என்பது மேஸ்திரிக்கு முன்கூட்டியே தெரியும். 400 கிலோவுக்குக் குறையாத சாமானைச் செயின் பிளாக்கில் கட்டி இறக்குகிற வீர விளையாட்டில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் எல்லாம் சின்னச் சின்ன இடங்களில்.

பிரிக்கும்போதே ஒன்று. ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் அதன் கேப்புக்கும் சேர்த்துத்தான் துளை கடைந்திருப்பார்கள். மெயின் பேரிங் கேப்புகளும் அப்படியே, பிளாக்கோடு சேர்த்துக் கடைந்தவை. மூணாம் நம்பர் கேப்பை அஞ்சாம் நம்பரில் பூட்டினால் போல்ட் ஏறும், பார்க்கவும் சரியாகத்தான் இருக்கும். கிராங்க் மட்டும் சுற்றாது, அல்லது சுற்றிக் கொஞ்ச நேரத்தில் பேரிங் பிடித்துக்கொள்ளும். எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பஞ்சால் குத்திக்கொண்டுதான் கழற்ற வேண்டும். கழற்றியதை எல்லாம் ஒரே தட்டில் கொட்டுகிற பையனுக்கு அன்றைக்கு அர்ச்சனை நிச்சயம்.

அடுத்தது அளவு. சாலையோரப் பட்டறையில் டீசலும் வேஸ்ட் துணியும் தாராளமாகக் கிடைக்கும். மைக்ரோமீட்டர் கிடைப்பதுதான் கஷ்டம். பலர் கிராங்கையும் பிளாக்கையும் லேத்துக்கு அனுப்பிவிட்டு, லேத்துக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். முதல் இன்ஜின் செய்கிறவன் இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் படக்கூடாது என்பது என் கட்சி. கிராங்க் ஜர்னலை ஒரு பக்கம் அளந்தால் போதாது. 90 டிகிரி திருப்பி இன்னொரு தரம் அளக்க வேண்டும், ஏனென்றால் அது வட்டமாகத் தேய்வதில்லை, முட்டையாகத் தேய்கிறது. தேய்மானம் அதிகமென்றால் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று கிரைண்டிங் போட்டு, அதற்கேற்ற அளவில் பேரிங் வாங்க வேண்டும். பட்டறைப் பாஷையில் ‘டென் தௌ’, ‘ட்வென்டி தௌ’.

கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க் கண்ணாடியாக மின்னும். எல்லாரும் அந்த மினுக்கைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஜர்னல் முடிந்து பக்கவாட்டுச் சுவர் எழும்பும் மூலையை. அங்கே ஒரு சின்ன வளைவு இருக்க வேண்டும். கல்லை நேராக இறக்கி அந்த மூலையைக் கூராக விட்டுவிட்டால், எரிகிற ஒவ்வொரு சிலிண்டரின் அடியும் அந்த ஒரு கோட்டில் வந்து குவியும். அங்கேதான் விரிசல் விடும். கடைசியில் கிராங்க் இரண்டாக முறிந்து நடுரோட்டில் வண்டி நிற்கும்போது, ஓவர்லோடு என்று டிரைவர் தலையில் பழி விழும். சில கிராங்குகளுக்கு மேல்தோல் மட்டும் தனியாகக் கடினப்படுத்தியிருப்பார்கள். கிரைண்டிங்கில் அந்தத் தோல் போய்விட்டால் மறுபடி கடினப்படுத்தாமல் போடுவதில் அர்த்தமில்லை.

லைனர் விஷயத்துக்கு வருவோம். ஒரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.3 மில்லிமீட்டர் கூடிவிடும். புதிதாக இருக்கும்போது அங்கே வைப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, இடைவெளி இரட்டிப்பு. காற்றை 17-இல் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கும் இன்ஜினுக்கு, அந்த இடுக்கு வழியாகக் காற்று நழுவினால் பேக் கம்ப்ரஷன் வராமல் என்ன செய்யும்?

காசை மிச்சப்படுத்த, பழைய லைனரிலேயே புது ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம் என்ற யோசனை ஓனர்களுக்கு அடிக்கடி வரும். நகம் தட்டிய அந்தப் படியை மறந்துவிடக் கூடாது. பழைய ரிங் படியோடு சேர்ந்தே தேய்ந்து மூலை மழுங்கியிருக்கும். புது ரிங்கின் மூலை கூர்மை. முதல் சுற்றிலேயே படியில் போய் மோதும். ஒன்று ரிங் உடையும், இல்லையென்றால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம் உடையும்.

புது லைனரிலும் ஒரு மாயை உண்டு. சுவர் கண்ணாடியாகப் பளபளத்தால் முதன்முறை செய்கிறவனுக்கு மனசு நிறைந்துவிடும். உண்மையில் அந்தப் பளபளப்பு கெட்ட சகுனம். வழவழப்பான சுவரில் ஆயில் நிற்காது, ரிங்கும் படியாது. அதனால்தான் ஹோனிங் கல்லைச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய கோடுகளை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும்.

அந்தக் கல்லின் துகளும் அங்கே தங்கும் என்பதுதான் அடுத்த வம்பு. வெளியிலிருந்து மண் வந்து கெடுத்தது என்று இன்ஜினைப் பிரித்துவிட்டு, பட்டறையே அதற்குள் ஒரு பிடி அரம்பொடியை வைத்து மூடி அனுப்புவதும் உண்டு. டீசலில் கழுவினால் இந்தப் பொடி போகாது. ஆயிலோடு சேர்ந்து கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். சோப்பும் வெந்நீரும் பிரஷ்ஷும்தான் மருந்து. பொங்கலுக்கு வெண்கலப் பானை தேய்க்கிற மாதிரி தேய்க்க வேண்டும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கிறவரை திரும்பத் திரும்ப அதே வேலைதான். பிளாக்கில் ஆயில் போகும் துளைகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு இழுத்து, காற்று அடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றச் சோம்பல் பட்டு மேலோட்டமாகக் கழுவினால், பழைய கசடு நேராகப் புது பேரிங்குக்குப் போகும். முதல் இன்ஜின்கள் பல சாவது இந்த இடத்தில்தான். பாகத்தில் குறை இருக்காது, திறமையிலும் குறை இருக்காது.

ரிங்கை பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். ரொம்பக் குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் முறியும். மாட்டும்போது எந்தப் பக்கம் மேலே என்று பார்க்க வேண்டும். எல்லா ரிங்கின் வாயும் ஒரே நேரில் வராமல் சுற்றித் திருப்பிவைக்க வேண்டும். டைமிங் கியர்களில் புள்ளிக்குப் புள்ளி. ஹெட் போல்ட் முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் போட்டு. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

புத்தகம் சுற்றி வளைத்துச் சொல்வதைப் பட்டறை சுருக்கிவைத்திருக்கும் இடமும் உண்டு. ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின்கள் பெரும்பாலும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும். டேப்பட் அட்ஜஸ்ட் செய்ய, எந்த சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்கின்றன என்று தெரிய வேண்டும். இணை சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒருசேர ஆடுகிற கணம்தான் அதற்கு அடையாளம். எதற்கு எது இணை? கூட்டினால் ஏழு வர வேண்டும். ஆறில் ஆடினால் ஒன்றை வை; இரண்டில் ஆடினால் ஐந்தை வை; நாலில் ஆடினால் மூன்றை வை. “கூட்டிப் பாருடா, ஏழு வருதா?” இவ்வளவுதான் பாடம்.

ஸ்டார்ட் பண்ணும் நாளில் கூட்டம் கூடும். ஓனர், டிரைவர், கிளீனர், பக்கத்துப் பட்டறை ஆட்கள், எலுமிச்சம்பழம், கற்பூரம். அந்தப் பரபரப்பில் உடனே சாவியைத் திருப்பிவிடக் கூடாது. டீசலை நிறுத்திவைத்து, செல்ஃப் மட்டும் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும்புகிறவரை சுற்றவிட வேண்டும். காய்ந்த பேரிங்கோடு ஓடும் முதல் சில விநாடிகள் அத்தனை நாள் உழைப்பையும் தின்றுவிடும். டீசல் லைனில் காற்றை எடுக்க வேண்டும். கூடவே, ஏர் இன்லெட்டை அடைக்கும் அளவுக்கு ஒரு பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பம்ப் ராக் சிக்கிக்கொண்டால் டீசல் இன்ஜின் சாவிக்கு அடங்காது, ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைத்தால்தான் நிற்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பலகை எதற்கென்று தெரியாது. தேவைப்படாமலே போவதுதான் அதற்கு மரியாதை.

ஓட ஆரம்பித்த பிறகு ஒரு சர்ச்சை. ‘ரன்னிங் இன்’ என்று இரண்டு நாள் ஐடிலிலேயே ஓடவிடுவதைப் பலர் பக்தியாகச் செய்கிறார்கள். அது உதவாது. லோடு இல்லாவிட்டால் ரிங்கை லைனரோடு அழுத்த காஸ் பிரஷர் வராது. ஹோனிங் கோடு தேய்வதற்கு முன் ரிங் படியாது. சுவர் பாலிஷ் ஆகி, ஆயில் குடிப்பது நிரந்தரமாகிவிடும். மிதமான லோடு போட்டு, ஒரே வேகத்தில் இல்லாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஃபைனான்ஸ் தவணை கழுத்தை நெரிக்கிற ஓனர், முதல் நாளே அரியலூர் சுண்ணாம்புக்கல்லை வழிய வழிய ஏற்றி அனுப்புவார். அதற்கு எந்த மேஸ்திரியும் பொறுப்பேற்க முடியாது.

பீங்கானில் ஓர் இன்ஜின்

லைனர் தேய்கிறதே, தேயாத பீங்கானில் செய்துவிட்டால் என்ன? விருத்தாசலத்தில் யாருக்காவது தோன்றியிருந்தால் அது கிறுக்குத்தனம் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்மின்ஸ் கம்பெனியும் ராணுவமும் சேர்ந்து, உள்ளே பீங்கான் பூச்சு கொடுத்த டீசல் இன்ஜினை 5 டன் ராணுவ லாரியில் வைத்து ஓட்டியே காட்டினார்கள். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. டீசலின் சூட்டில் கணிசமான பகுதி ரேடியேட்டர் வழியாக வீணாகிறதே, அதைத் தடுத்து வேலையாக மாற்றலாம் என்பது எண்ணம். ஜப்பானில் கியோசெரா பீங்கான் இன்ஜின் வைத்த காரை ஓட்டிக் காட்டியது. 1985-இல் நிசான் தன் கார் டர்போவில் பீங்கான் சக்கரத்தையே வைத்து விற்றது.

லாரிக்கு அது வரவில்லை. அந்தச் சூட்டில் நிற்கும் ஆயில் கிடைக்கவில்லை. சுவர் சூடானதால் உள்ளே வரும் காற்று விரிந்து, சிலிண்டரில் குறைவாகவே நிரம்பியது. புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடியது. எல்லாவற்றுக்கும் மேல், பீங்கான் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரும்பு அப்படியில்லை, தட்டும், புகைக்கும், ஆயில் குடிக்கும், மாதக்கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் படுக்கும். லாரித் தொழிலே அந்த எச்சரிக்கைக் காலத்தில்தான் நடக்கிறது.

ஆனால் பீங்கான் வேறு வாசல் வழியாக லாரிக்குள் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பதிவாகும் வண்டிகளுக்கு பி.எஸ்.-6 விதி. புதிய டீசல் லாரிகளின் சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் கனமான ஒரு பெட்டி தொங்கும். அதற்குள்ளே தேனடையாகத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டை. கார்டியரைட் என்னும் அந்தப் பீங்கானை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி தேனடை வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள்களில் ஒன்று கயோலின். லைனரை அறுத்த மண்ணின் சாதுவான சகோதரன், இப்போது புகையைப் பிடிக்கிற வேலையில் இருக்கிறான்.

புது இன்ஜின்களில் டீசல் பம்ப்பைத் திறந்து பார்த்துக் கற்கிற காலம் முடிந்தது. காமன் ரெயில் சிஸ்டத்தில் டீசல் 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிறது. பழைய வழக்கப்படி ஓடுகிற இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் எரியவில்லை என்று பார்த்தால் கையைக் கிழித்துவிடும். லேப்டாப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் லைனரே கிடையாது. டாட்டா லாரிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் அப்படித்தான். பிளாக்கிலேயே நேராகக் கடைந்த சிலிண்டர். தேய்ந்தால் போர் போட்டுப் பெரிய பிஸ்டன் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்லீவ் இறக்க வேண்டும். பிளாக்கையே மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் ஆர்.சி.யில் திருத்த வேண்டும்.

இதோடு பட்டறைக்குப் புது வேலை ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. ரிங் போன இன்ஜின் ஆயிலை எரித்தால், ஆயிலில் இருக்கும் சாம்பல் அந்தப் பீங்கான் தேனடையின் துளைகளை அடைக்கும். கரியை வண்டியே ஓடும்போது எரித்துக்கொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது. பெட்டியைக் கழற்றி, சூளை மாதிரியான அடுப்பில் வைத்துக் கரியைச் சுட்டு, காற்றடித்துச் சாம்பலை வெளியேற்ற வேண்டும். பொருளைச் சூளையில் ஏற்றி இறக்குவது விருத்தாசலத்துக்குப் புதிதில்லை. இங்கே பீங்கானைச் சுடுவது 1,200 டிகிரிக்கு மேல். தேனடைக்கு 600 டிகிரியிலேயே அடுப்பை அடக்க வேண்டும். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். அதிகமானால் உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம் பாழாகிவிடும், கரி ஒரே மூச்சில் பற்றிக்கொண்டால் கட்டையே உருகிவிடும். அதைச் செய்து முடித்தாலும், லைனரைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் சுத்தம் செய்து மாட்டி அனுப்பினால் அடுத்த சில மாதத்தில் அதே வண்டி அதே அடைப்போடு திரும்பி வரும். அப்போது ஓனர் சொல்லப்போவதும் பட்டறைக்குத் தெரிந்ததுதான்: “நீங்கதாங்க போன தடவ சரியா சுடல.”